நுவரெலியாவிலிருந்து வந்த பொலிகுதிரைக்கு வியர்வையே வரவில்லை, பெட்டைகளும் சினை நிற்கவில்லை. யாராவது சொல்லுங்கள்

கல்குடாக்காரன்:
வணக்கம். மட்டக்களப்புக் கரையோரம் கல்குடாவில் ஆறு குதிரை வைத்திருக்கிறேன், பாசிக்குடாவுக்கு வருகிறவர்களை ஏற்றிக் கரையோரம் ஒரு சுற்றுக் கூட்டிப்போவதுதான் பிழைப்பு. என் பொலிகுதிரைக்குப் பிறந்த இரண்டு பெட்டைகள் வளர்ந்துவிட்டன, தகப்பனையே மகளுக்கு விட முடியாது. நுவரெலியாவில் தெரிந்த ஒருவருக்கும் இதே சிக்கல். சரி, ஒரு வருடத்துக்கு மாற்றிக்கொள்வோம் என்று பேசி, ஏப்ரல் சீசன் முடிந்த கையோடு மே முதல் வாரம் அவருடைய குதிரையை இங்கே இறக்கி, அதே லொறியில் என்னுடையதை ஏற்றி அனுப்பினேன். வந்தது ஒன்பது வயது தரோபிரெட், பந்தயத்துக்கென்றே வளர்க்கிற இனம், முன்பு பந்தயம் ஓடியது, அங்கே அதற்குக் குட்டிகளும் உண்டு.

முதல் மாதம் குளித்த மாதிரி வியர்த்துக் கொட்டியது. கச்சான் என்கிற தென்மேற்குச் சுடுகாற்று உரமாக வீசத் தொடங்கிய பிறகு வியர்வை குறைந்து குறைந்து இப்போது அறவே இல்லை. பத்து நிமிடம் மெல்ல ஓட்டினால் மற்றக் குதிரைகளுக்குத் தொடை இடுக்கில் நுரை தள்ளும், இதன் முதுகைத் தடவினால் வெயிலில் காயப்போட்ட சாக்கு மாதிரி இருக்கிறது. பிடரி மயிருக்கு அடியில் மட்டும் உள்ளங்கை அளவு ஈரம். மூக்குத் துவாரம் விரிந்து, விலா அடித்து, நிழலில் கட்டிய பிறகும் ஒரு மணித்தியாலம் இளைக்கிறது. நெற்றி மயிர் உதிர்கிறது. தீனும் பாதிதான்.

ஜூலையில் அந்த இரண்டு பெட்டைகளுக்கும் விட்டோம். ஏறுகிறது, சில வேளை பாதியிலேயே இறங்கி நின்று இளைக்கிறது. பதினாறாம் நாள் ஸ்கேன் பார்த்தால் இரண்டும் வெறுமை. ஆகஸ்டிலும் அப்படியே. குதிரைக்குச் சொந்தக்காரரிடம் சொன்னால் "இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருந்தது, உன் பராமரிப்புத்தான்" என்கிறார், போதாததற்கு அங்கே போன என் குதிரை மயிர் அடர்ந்து கொழுத்து நிற்கிற படத்தையும் அனுப்புகிறார். இங்கே ஒருவர் காயடித்துச் சவாரிக்கு வைத்துக்கொள் என்றார், அடுத்தவன் குதிரையை! என்ன செய்யலாம்?

வாழைச்சேனை மச்சான்:
இவ்வளவு உயரமான குதிரையை ரோட்டோரம் கட்டினால் நாவூறு படாமல் என்ன செய்யும். அது ஒரு பக்கம், பழைய ஆட்கள் கறுப்பு பியர் ஒரு போத்தலைத் தவிட்டில் குழைத்துக் கொடுத்தால் வியர்க்கும் என்பார்கள். கொடுத்துப் பாருங்கள், மிஞ்சினால் எனக்குச் சொல்லுங்கள்.

லாயத்துப் பையன்:
அண்ணே, நான் நுவரெலியா ரேஸ்கோஸ் பக்கம் லாயத்தில் வேலை செய்கிறவன். இந்த ஊர் 1,868 மீற்றர் உயரம், இங்கே குதிரைக்கு ராத்திரியில் கம்பளி போடுகிறோம். இங்கிருந்து நேரே மே மாதத்து மட்டக்களப்பில் இறக்கியிருக்கிறீர்கள். எப்படிக் கொண்டுபோனீர்கள்? தலையைக் குட்டையாகக் கட்டினார்களா? தலையைக் கீழே போட விடாமல் பல மணித்தியாலம் நிற்க வைத்தால் மூச்சுக்குழாய்ச் சளி வெளியே வராமல் நெஞ்சில் தங்கிவிடும். நீண்ட பயணம் போன குதிரைகளுக்குக் காய்ச்சலும் இருமலும் வருவது அதனால்தான்.

கல்முனை நானா:
தண்ணி எவ்வளவு குடிக்குது தம்பி? கரையோரக் கிணறு இந்தக் காலத்தில் உவர்க்கும், மலைத் தண்ணி குடித்த வாய் அதைத் தொடாது. தொட்டியில் விடாமல் வாளியில் வைத்து எண்ணுங்க. இன்னொன்று, மணலில் தீன் போடுறீங்களா? ஒரு பிடி சாணத்தை ரப்பர் கையுறைக்குள் போட்டு, தண்ணி விட்டுக் கலக்கி, விரல் கீழே வர அரை மணித்தியாலம் தொங்க விடுங்க. விரல் நுனியில் மணல் இறங்கி நின்றால் வயிற்றுக்குள் மணல் போகுது என்று அர்த்தம். என் குதிரை ஒன்று அதில்தான் போனது.

மிருக வைத்தியர், ஓய்வு (அம்பாறை):
தம்பி, காயடிக்கிற கதையை முதலில் விடுங்கள். வியர்வை வற்றிப்போவது சூடும் ஈரப்பதனும் சேர்ந்த ஊர்களில் குதிரைக்கு வருகிற அறியப்பட்ட வியாதி. வெள்ளைக்காரன் குளிர்நாட்டுக் குதிரைகளை இந்தியாவுக்கு இறக்கிய காலத்திலேயே கண்டது. குதிரையின் வியர்வைச் சுரப்பியைத் தூண்டுவது அட்ரினலின். இரவும் பகலும் ஓயாமல் தூண்டினால் சுரப்பி மரத்துப்போகிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லும் விளக்கம். உறுதிப்படுத்த வேண்டுமென்றால், டெர்பியுடலின் என்ற ஆஸ்துமா மருந்தை வெவ்வேறு அளவில் கரைத்துக் கழுத்துத் தோலுக்குள் துளித் துளியாக ஏற்றி, எந்த இடத்தில் வியர்க்கிறது என்று அரை மணித்தியாலம் பார்ப்பார்கள். பேராதனை மிருக வைத்திய பீடத்தில் கேட்டுப் பாருங்கள். பியரை மச்சானே குடிக்கட்டும்.

எனக்கு மூன்று விடயம் வேண்டும். அதிகாலையிலும் பகல் இரண்டு மணிக்கும் ஆசனவாயில் வெப்பமானி வைத்து எவ்வளவு, 37.5 முதல் 38.5 பாகை வரை சாதாரணம். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, 8 முதல் 16 வரை இருக்க வேண்டும். மூன்றாவது, வந்த புதிதில் வேறு எந்தப் பெட்டைக்காவது விட்டீர்களா?

கல்குடாக்காரன்:
ஐயா, காலை 38.4, பகல் 39.6. மூச்சு 52, இரண்டு தரம் எண்ணினேன். லாயத்துத் தம்பி கேட்டதற்கு: பட்டப்பகலில் பதுளை வீதியால், ஒன்பது மணித்தியாலம், தலையைக் குட்டையாகத்தான் கட்டியிருந்தார்கள். வந்து மூன்று நாள் காய்ச்சலும் ஒரு வாரம் இருமலும் இருந்தது, ஊசி போட்டு மாறியது. நானா, கையுறையில் மணல் கொஞ்சம் நின்றது, இனித் தீனை ரப்பர் விரிப்பில் போடுகிறேன்.

மூன்றாவது கேள்விக்கு, ஓம், வந்த பன்னிரண்டாம் நாள் வெளியில் வாங்கிய ஒரு வயதான பெட்டைக்கு விட்டேன். அது சினைதான். வேறு பெட்டை என்பதால் இதோடு சேர்த்து யோசிக்கவே இல்லை.

மிருக வைத்தியர், ஓய்வு (அம்பாறை):
பதில் அந்தப் பெட்டையிடம்தான் இருக்கிறது. குதிரைக்கு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 57 நாள், அதன் பிறகு விதையை ஒட்டிய குழாயில் ஒரு வாரம், பத்து நாள் கிடந்துதான் வெளியே வரும். மே மாதம் நீங்கள் விட்டது நுவரெலியாக் குளிரில் உருவான சரக்கு. ஜூலையில் வந்தது கல்குடாவில் உருவானது, அதுவும் மூன்று நாள் காய்ச்சலையும் கச்சானையும் தாண்டி. விதை உடம்பைவிடச் சில பாகை குளிராக இருக்க வேண்டியது, வியர்வை இல்லாமல் 39.6இல் நிற்கிற உடம்புக்கு அது எங்கே முடியும்? சொந்தக்காரரிடமும் இதையே சொல்லுங்கள், குறை குதிரையிலும் இல்லை, உங்களிலும் முழுக்க இல்லை. மாதத்தைப் பார்க்காமல் மாற்றியதுதான் இரண்டு பேரின் பிழையும்.

இப்போதைக்குச் சவாரியும் வேண்டாம், பெட்டையும் வேண்டாம். சூடு ஏறினால் உடம்பு முழுக்கத் தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றுங்கள், குளிர்ந்த தண்ணீர் ஆகாது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். நிழலில் நிற்கும்போதே 40ஐத் தாண்டினால் ஊற்றிக்கொண்டே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

கல்குடாக்காரன்:
ஐயா, நான் இவ்வளவு நாளும் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தேனே, அது?

மிருக வைத்தியர், ஓய்வு (அம்பாறை):
எடுத்துவிடுங்கள். உங்கள் கரையோரக் காற்றில் சாக்கின் ஈரம் லேசில் காயாது, ஐந்து நிமிடத்தில் அதுவே சூடாகிப் போர்வை ஆகிவிடும். தண்ணீர் ஊற்றி மின்விசிறியை நேராகப் பிடியுங்கள். கூரை தகரமா? மேலே கிடுகு போடுங்கள்.

லாயத்துப் பையன்:
ஐயா ஒரு சந்தேகம், மாட்டுக்குச் செய்வது மாதிரி ஊசியில் சினைப்படுத்தினால் குதிரையை அலைக்கழிக்க வேண்டாமே?

மிருக வைத்தியர், ஓய்வு (அம்பாறை):
இவர் சவாரிக் குதிரைக்குச் செய்யலாம். தரோபிரெட் என்று பதிவேட்டில் ஏற வேண்டுமென்றால் நேரடியாக இணைசேர்ந்து பிறந்திருக்க வேண்டும், ஊசிக்குப் பிறந்ததை உலகத்தில் எங்கும் பதியமாட்டார்கள். வெளிநாட்டில் பொலிகுதிரையை விமானத்தில் ஏற்றுவதே அதனால்தான். டேன்ஹில் என்ற குதிரை 1990 முதல் அயர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்வந்தது பெரிய பேச்சு. ஆனால் கவனியுங்கள், அவர்கள் வடக்கே பருவம் முடிந்து தெற்கே வசந்தம் தொடங்குவதற்கு முன்பு கொண்டுபோய் இறக்குகிறார்கள். குளிரிலிருந்து எடுத்துக் கச்சானில் போடுவதில்லை. நமக்கு இன்னொரு வசதியும் உண்டு, நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் பெட்டைகள் பெரும்பாலும் வருடம் முழுக்கப் பருவத்துக்கு வரும். மார்கழி, தை மழைக்காலத்தில் பொலிகுதிரையை இறக்கினால் என்ன குறை?

கல்குடாக்காரன்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கிடுகு போட்டு, இரண்டு மின்விசிறி வைத்து, பகலில் நான்கு தரம் தண்ணீர் ஊற்றுகிறோம். பகல் இரண்டு மணிக்கு இப்போது 38.7, மூச்சு 24. நேற்றுக் காலை காதுக்குப் பின்னால் விரல் வைத்தால் ஈரம், முதலில் தண்ணீர் என்று நினைத்தேன், நக்கிப் பார்த்தேன், உப்பு! மனைவி பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பை எழுத முடியாது.

சொந்தக்காரரிடம் அந்த 57 நாள் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், மறுகா அவரே "மேலே அனுப்பு, மார்கழி கடைசியில் திரும்ப இறக்குவோம்" என்றார். என் குதிரை அதுவரை அங்கேயே நிற்கட்டும். பதுளை வீதியால் இரவில் போகிற, பின்பக்கம் காற்றோட்டமான லொறி யாரிடமாவது இருக்கிறதா? தலையை நீளமாகக் கட்டுவேன், மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் நிறுத்துவேன்.

கல்முனை நானா:
லொறி நான் விசாரிச்சுச் சொல்றேன். ஆனா மகாஓயாப் பக்கம் இரவில் ரோட்டில் யானை நிற்கும், லொறிக்குள் குதிரை அதன் வாடையைப் பிடிச்சா உள்ளே நிற்காது. நடுச்சாமம் வேண்டாம் தம்பி, விடிய நாலரை மணிக்குப் பிறகு செங்கலடியில் ஏறினால் மகாஓயா வரும்போது வெளிச்சம் வந்துவிடும், வெயில் ஏறும்போது பிபிலையைத் தாண்டி மலைக்குக் கிட்டப் போயிருப்பீங்க.