கம்பெனி ஆப் ஞாயிற்றுக்கிழமையும் என்னைப் பின்தொடர்கிறது. என்ன செய்யலாம்?

திருப்பாதிரிப்புலியூரான்:

வணக்கம். நான் மருந்துக் கம்பெனி ரெப். கடலூர்தான் ஹெட்குவார்ட்டர்ஸ், பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சிதம்பரம் என் ஏரியா. டாக்டரைப் பார்த்ததும் கிளினிக்கில் இருந்தபடியே அந்தச் சந்திப்பை (நாங்கள் 'கால்' என்போம்) ஆப்பில் பதிவு செய்ய வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. வேலை நேரத்தில் எங்கே இருக்கிறாய் என்று சம்பளம் கொடுப்பவர் கேட்கலாம்.

போன மாதம் அப்பாவைப் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை மேனேஜர் போன் செய்து, "நேற்று முழுக்க கோரிமேட்டில் இருந்திருக்கிறீர்களே, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பாவின் நோயை யாரிடம், எப்போது சொல்வது என்று நாங்கள் குடும்பமாக இன்னும் பேசி முடிக்கவே இல்லை.

போன் என் காசில் வாங்கியது, இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருக்கிறது. இருப்பிடம் 'எப்போதும்', தொடர்புகள், கேமரா, கோப்புகள் என எல்லா அனுமதியும் கொடுத்தால்தான் ஆப் திறக்கிறது. சிலர் இருப்பிடத்தைப் பொய்யாகக் காட்டும் போலி ஜி.பி.எஸ். போடுகிறார்கள். எனக்கு அது வேண்டாம், வேலையில் நான் ஏமாற்றுவதில்லை. வேலை முடிந்தபின் என்னைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். வழி உண்டா? சட்டம் என்ன சொல்கிறது?

நெல்லிக்குப்பம் 77:

தம்பி, மறைக்க ஒன்றும் இல்லை என்றால் எதற்குப் பயம்? எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான். இதற்காக வேலையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

லாஸ்பேட்டை லினக்ஸ்:

அண்ணே, அவர் எதையும் மறைக்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பது குற்றமா? அதை யாருக்குச் சொல்வது என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. அந்த முடிவை அவர்கள் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்கள். எனக்கு இதைப் படித்ததும் கோபம்தான் வந்தது.

சரி, வழிக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டில் 'வொர்க் ப்ரொஃபைல்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரே போனுக்குள் தனியாகத் தடுத்த ஓர் அறை மாதிரி. அதை நீங்களே அமைத்துக்கொள்ள 'ஷெல்டர்' என்ற கட்டற்ற மென்பொருள் (யாரும் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடியது) எஃப்-ட்ராய்டு என்ற ஆப் தளத்தில் கிடைக்கிறது. கம்பெனி ஆப்பை அந்த அறைக்குள் மட்டும் நிறுவுங்கள், வெளியே இருப்பதை நீக்கிவிடுங்கள். கேட்கும் அனுமதியை எல்லாம் அங்கே கொடுங்கள். உங்கள் சொந்தத் தொடர்புகளும் படங்களும் அதன் கண்ணில் படாது. சாயங்காலம் கடைசி கால் முடிந்ததும் வொர்க் ப்ரொஃபைலை நிறுத்திவிட்டால் உள்ளே இருக்கும் ஆப் எல்லாம் நின்றுவிடும். மறுநாள் காலை மறுபடி இயக்கலாம். இதில் பொய் எதுவும் இல்லை, கடையைச் சாத்துகிறீர்கள், அவ்வளவுதான். சில போன்களில் ஷெல்டர் ஒழுங்காக ஓடாது. அப்படியானால் பழைய போன் ஒன்றை வேலைக்கென்று ஒதுக்கி, ராத்திரி அணைத்துவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு காரியம். ஆண்ட்ராய்டு 12 முதல் 'தனியுரிமை டாஷ்போர்டு' இருக்கிறது. எந்த ஆப் எத்தனை மணிக்கு இருப்பிடத்தைத் தொட்டது என்று 24 மணி நேரக் கணக்கு காட்டும். ஞாயிறு இரவு அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம், போன் செட்டிங்ஸில் 'அணுகல்தன்மை', 'அறிவிப்பு அணுகல்' இரண்டிலும் அந்த ஆப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். இருப்பிடத்தைவிட அவை மோசம்: முன்னதை வைத்துத் திரையில் ஓடுவதைப் படிக்கலாம், பின்னதை வைத்து உங்களுக்கு வரும் செய்திகளைப் படிக்கலாம்.

ஜெர்மனியில் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்று 1981-இல் தொடங்கிய ஹேக்கர் சங்கம் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் விரல்ரேகை வேண்டும் என்று வாதாடிய உள்துறை அமைச்சர் ஷொய்ப்ளேயின் விரல்ரேகையையே அவர் தொட்ட கிளாஸிலிருந்து எடுத்து, 2008-இல் தங்கள் பத்திரிகையோடு வெளியிட்டார்கள். 2011-இல் அரசு உளவு மென்பொருள் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, கோர்ட் அனுமதித்ததைவிட அதிகம் செய்ய முடிகிறது என்று ஊருக்கே காட்டினார்கள். பொதுத் தகவல் எல்லோருக்கும் பயன்பட வேண்டும், தனிமனிதர் தகவல் காக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நம் கையில் இருக்கும் கருவி யாருக்காக வேலை செய்கிறது என்று திறந்து பார்ப்பதை நான் அவர்களிடம்தான் கற்றேன். ஆப்பைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும் என்றால் புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் இருக்கின்றன, போய்க் கேளுங்கள்.

மஞ்சக்குப்பம் கோர்ட்டு ரோடு:

சட்டம் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆனால் அது முதன்மையாக அரசுக்கு எதிராக நிற்கும் உரிமை. தனியார் முதலாளியிடம் நேராக நீட்ட முடியாது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 7-ஆம் பிரிவு, வேலை தொடர்பான நோக்கங்களுக்கு ஊழியரின் சம்மதம் இல்லாமலே தகவலைக் கையாள இடம் கொடுக்கிறது. அதன் விதிகளும் 2025 நவம்பரில்தான் வந்தன, பல கடமைகள் 18 மாதம் கழித்தே அமலாகும். ஆகவே சட்டம் கைகொடுக்கும் என்று காத்திருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனது எப்படி "வேலை தொடர்பானது" ஆகும் என்ற கேள்வியை எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்க வேண்டாம். மருந்து ரெப்களின் அகில இந்தியக் கூட்டமைப்பான எஃப்.எம்.ஆர்.ஏ.ஐ. இந்த மின்னணுக் கண்காணிப்பை எதிர்த்துக் கோரிக்கை வைத்து வருகிறது. சங்கத்தில் பேசுங்கள்.

முத்தியால்பேட்டை:

என் அக்கா குடும்பம் பிரான்ஸில் இருக்கிறது. மச்சான் டெலிவரி வேன் ஓட்டுகிறார். வேலை நேரம் முடிந்ததும் வண்டியின் ஜி.பி.எஸ்.ஸை நிறுத்த அவருக்கு உரிமை உண்டு. அங்கே இதைக் கவனிக்க சி.என்.ஐ.எல். என்று தனி ஆணையமே இருக்கிறது. அது சும்மா வரவில்லை. மக்களின் அரசு ஆவணங்களை எல்லாம் ஒரே எண்ணால் கோக்கும் 'சஃபாரி' திட்டத்தை 1974-இல் பத்திரிகை அம்பலப்படுத்தி, ஊரே கொதித்த பிறகு, 1978-இல் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். நெல்லிக்குப்பம் அண்ணன் "எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான்" என்றதால் எழுதுகிறேன். எல்லா இடத்திலும் இப்படி இல்லை.

திருப்பாதிரிப்புலியூரான்:

எல்லோருக்கும் நன்றி. டாஷ்போர்டைப் பார்த்தேன், ராத்திரி இரண்டு மணிக்குக்கூட இருப்பிடம் எடுத்திருக்கிறது. நெய்வேலி ரெப்பிடம் காட்டினேன், அவர் போனிலும் அதேதான். ஏரியாவில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மேனேஜருக்குக் கடிதம் கொடுக்கப் போகிறோம். ஷெல்டர் என் போனில் ஓடுகிறது. நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் ரிப்போர்ட் அழிந்துவிடுமா?

லாஸ்பேட்டை லினக்ஸ்:

அழியாது. நிறுத்துவதற்கு முன் ரிப்போர்ட் அனுப்பியாகிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் இன்னொன்றும் சேருங்கள்: இதுவரை வேலை நேரத்துக்கு வெளியே எடுத்த இருப்பிடப் பதிவுகள் யார் யாரிடம் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும், அவற்றை அழித்துவிட்டு எழுத்தில் உறுதி தர வேண்டும். அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

திருப்பாதிரிப்புலியூரான்:

வீட்டுக்கு வந்துவிட்டார் அண்ணா. கடிதத்தில் அதையும் சேர்த்துவிட்டேன்.