80டி-க்கு பேட்டரி கிரிப் வாங்கலாமா, வேண்டாமா?

கும்பகோணம் கேமராக்காரன்:

வணக்கம். ஆறு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் ஒரே கேனன் 80டி-யில்தான் ஓடுகிறது. 18-135 லென்ஸ், ஒரு 85 எம்எம், அவ்வளவுதான் சொத்து.

போன வாரம் ஒரு கல்யாணம். முந்தின நாள் ரிசப்ஷன் முடியவே இரவு பதினொன்று. காலை நாலரைக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், கேமராவில் பேட்டரி சிவப்பாகக் கண் சிமிட்டுகிறது. மாற்றுப் பேட்டரி இருந்தது, லைட் பிடிக்கும் தம்பியின் பையில். தம்பி காபி குடிக்கப் போயிருந்தான். கெட்டிமேளம் முடிவதற்குள் ஒன்பது படம் எடுத்தேன், பத்தாவதில் கேமரா அணைந்துவிட்டது. மூன்றாவது முடிச்சு என்னிடம் இல்லை. நல்லவேளை, வீடியோவில் இருக்கிறது.

அன்றிலிருந்து பேட்டரி கிரிப் ஆசை. கேமராவுக்கு அடியில் மாட்டுவது; இரண்டு பேட்டரி போடலாம், நிமிர்த்திப் பிடித்து எடுக்கத் தனி ஷட்டர் பொத்தானும் உண்டு. இன்னொரு காரணமும் உண்டு: ரிசப்ஷனில் மணமக்களோடு வரிசையாக வந்து நிற்பவர்களைக் கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்தே வலது மணிக்கட்டு போய்விட்டது. மூன்றாவது காரணத்தைச் சொல்ல வெட்கம்தான். மண்டபத்தில் கேமராவின் உருவத்தைப் பார்த்துத்தான் சில பேர் வழிவிடுகிறார்கள்.

ஒரிஜினல் கிரிப் வாங்கும் காசில் இரண்டு ஒரிஜினல் பேட்டரி வாங்கிவிடலாம். எதைச் செய்ய?

பழைய ஃபிலிம் ஆள்:

தம்பி, ரிசப்ஷனில் கூட்டத்துக்கு மேலே கேமராவைத் தூக்கி, திரையைத் திருப்பிப் பார்த்து எடுப்பீர்களா? அங்கேதான் பேட்டரி போகிறது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்து எடுத்தால் 960 படம் என்று கேனன் சொல்கிறது. அதே பேட்டரிக்கு, திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் 300தான் கணக்கு. கிரிப்பில் இரண்டு பேட்டரி போட்டாலும் லைவ் வியூவிலேயே நின்றால் 600.

உங்கள் மூன்றாவது முடிச்சு போனது பேட்டரி குறைவால் இல்லை, பேட்டரி இன்னொருவர் பையில் இருந்ததால். ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் போடுங்கள். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்னால், பாதி இருந்தாலும் சரி, மாற்றிவிடுங்கள். நான் ஃபிலிம் காலத்தில் ரோலை அப்படித்தான் மாற்றினேன். 36-ல் பத்து படம் மிச்சம் இருந்தாலும் கழற்றிவிடுவேன், முதலாளி திட்டுவார்.

மணிக்கட்டு வலி வேறு கதை. அதற்குக் கிரிப் நிஜமாகவே உதவும்.

இரண்டு கேமரா ரவி:

நான் 70டி-யில் பிஜி-இ14 கிரிப் நாலு வருடம் வைத்திருந்தேன். உங்கள் 80டி-க்கும் 90டி-க்கும் அதேதான்.

நல்லது: ட்ரைபாடில் இருக்கும்போது தட்டைக் கழற்றாமல் பக்கவாட்டில் ட்ரேயை இழுத்துப் பேட்டரி மாற்றலாம். ஒரு பேட்டரி மட்டும் போட்டாலும் ஓடும். அவசரத்துக்கு ஆறு டபுள்-ஏ செல் போட வேறொரு ட்ரே வரும். நிமிர்த்திப் பிடிக்கும்போது முழங்கை உடம்போடு ஒட்டியே இருக்கும், கை நடுங்காது.

கடையில் சொல்லாதது: பின்பக்கச் சக்கரம் கிரிப்பில் கிடையாது. நீங்கள் எல்லாவற்றையும் கையாலேயே அமைக்கும் எம் மோடில் எடுப்பவர் என்றால் அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) மாற்ற, கட்டைவிரலைப் பழையபடி பாடிக்குத்தான் நீட்ட வேண்டும். ஷட்டர் வேகத்தைக் கேமராவிடமே விடும் ஏவி மோட் ஆள் என்றால் கவலையில்லை. கிரிப்புக்குத் தனி ஆன்-ஆஃப் சுவிட்ச் வேறு. அதைப் போட மறந்து, ஷட்டர் வேலை செய்யவில்லை என்று நான் மணமேடையில் பதறியது எனக்குத்தான் தெரியும்.

எடையும் பாருங்கள். லென்ஸ் இல்லாமலே ஒரு கிலோவைத் தாண்டும். கிம்பலில் (வீடியோ ஆடாமல் பிடிக்கும் தாங்கி) வைக்க ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டும்.

விலை குறைந்த பெயரில்லாத கிரிப் பக்கம் போகாதீர்கள். ஒன்று வாங்கினேன். அடியில் இருக்கும் திருகு அரை மணிக்கு ஒருமுறை தளரும். தளர்ந்தால் பேட்டரி இருந்தும் கேமரா அணையும்.

கும்பகோணம் கேமராக்காரன்:

ரவி அண்ணா, நான் எம் மோட் ஆள்தான். அது தெரியாமல் காசைக் கொட்டியிருப்பேன்.

ஐயா சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். அந்தக் கல்யாணத்துப் படங்களைப் பிரித்துப் பார்த்தால், ரிசப்ஷனில் பாதிக்கு மேல் தலைக்கு மேலே தூக்கி எடுத்தவை. இரவில் சார்ஜ் போடாமல் அதே பேட்டரியோடு முகூர்த்தத்துக்குப் போயிருக்கிறேன். இதை முதலில் எழுதாமல் விட்டதற்கு மன்னிக்கவும்.

பேட்டரி ஒன்று வாங்கிவிட்டேன். தம்பியின் பையில் இல்லை, என் சட்டைப் பையில். பக்கத்து ஊர் ஸ்டுடியோ நண்பரிடம் கிரிப் சும்மா கிடக்கிறதாம். வரும் ஞாயிறு ரிசப்ஷனுக்கு அதை மாட்டிப் பார்க்கப் போகிறேன், மணிக்கட்டுக்காக மட்டும்.

பழைய ஃபிலிம் ஆள்:

மாட்டுங்கள். கழற்றிய பேட்டரி மூடியைக் கிரிப்பிலேயே செருகி வைக்க இடம் இருக்கும், அதில் வையுங்கள். தம்பியிடம் கொடுத்துவிடாதீர்கள்.