ஆதிமூலத்தின் கோடு என் கையை விட்டு அகலவில்லை

கோட்டோவியன், திருச்சி:

வணக்கம். பள்ளி ஓவிய ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையில் கோட்டோவியங்கள் வரைந்து வருகிறேன். கே. எம். ஆதிமூலத்தின் காந்தி ஓவியங்களை மாணவப் பருவத்தில் அச்சில் பார்த்தது முதல், எந்த முகத்தை வரைந்தாலும், கன்னத்தில் நிழல் இறங்கும் இடத்தில் அவருடைய அடர்ந்த கோடுகளே என் நிப்பிலிருந்து வந்து விழுகின்றன. சென்ற மாதம் மூத்த ஓவியர் ஒருவர் என் படங்களைப் பார்த்துவிட்டு, "கை நன்றாக இருக்கிறது, ஆனால் இது உன் கை இல்லை" என்றார். உண்மை என்பதால் வலிக்கிறது. ஒருவருடைய தாக்கத்திலிருந்து நீங்கள் எப்படி மீண்டீர்கள்?

நீலவண்ணம், சென்னை:

ஆதிமூலமே அந்தக் கறுப்பு வெள்ளையோடு நின்றுவிடவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். பின்னாளில் அவர் உருவமே இல்லாத வண்ணப் பரப்புகளுக்குள் சென்றார். ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் ஒரு காலத்தில் வான்காவின் தாக்கத்தில் இருந்தவர். 1911இல் பிறந்த அவர், 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை 1963இல், ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் தொடங்கினார். ஜாதகக் கட்டங்களும் மலையாள எழுத்துகளும் கணிதக் குறிகளும் நெருக்கமாக நிறைந்த அந்தப் படங்களுக்கு, ஒரு மாணவரின் கணிதக் குறிப்பேட்டுப் பக்கம் தூண்டுதலாக இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அதிகம் என்று நினைக்காதீர்கள்.

செப்புத்தகடு, கும்பகோணம்:

மேலே நண்பர் சொன்ன பொறுமை சரிதான், ஆனால் காத்திருந்தால் மட்டும் போதாது. நான் பாத்திரப் பட்டறையில் வளர்ந்தவன். சிற்பி பி. வி. ஜானகிராம் கோயிலில் சுவாமிக்குச் சாத்தும் கவசங்களைப் பார்த்து, செப்புத் தகட்டை அடித்தும் கம்பிகளைப் பற்றவைத்தும் சிற்பம் செய்தார் என்று அறிந்தபோது, என் வீட்டுத் தொழிலையே நான் முதன்முறையாகக் கலையாகப் பார்த்தேன். சில காலம் அவரைப் போலவே செய்தேன். தகடு அடிக்க அடிக்க இறுகிவிடும். அனலில் காய்ச்சி இளக்கினால்தான் மறுபடி வளையும். பாத்திரத்தில் ஒரு சுத்தியல் தழும்புகூடத் தெரியக்கூடாது என்று அப்பா மணிக்கணக்கில் தேய்ப்பார். ஒரு நாள் அந்தத் தழும்புகளை நான் தேய்க்காமல் விட்டேன், அங்கிருந்துதான் என் வேலை தொடங்கியது. 1966இல் சென்னை அருகே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்களும் பத்திக் எனும் மெழுகிட்டுச் சாயமேற்றிய துணி விற்ற பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். பிழைப்புக்குச் செய்யும் வேலை கலைக்குப் புறம்பானது என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் நாள் முழுவதும் எதை வரைகிறீர்கள்?

கோட்டோவியன், திருச்சி:

ஐயா, உங்கள் கேள்வி இரண்டு நாள்களாக மனத்திலேயே இருந்தது. நாள் முழுவதும் நான் கரும்பலகையில் சாக்பீஸால் வரைகிறேன். கடைசி பெஞ்சுக்கும் தெரிய வேண்டும் என்பதால் தடித்த ஒரே கோட்டில், கையை எடுக்காமல் வரைவேன். அங்கே நிழலுக்கு நேரமே இல்லை. நேற்று கறுப்பு அட்டையில் வெள்ளை மையால் அம்மாவின் முகத்தை அப்படியே வரைந்து பார்த்தேன். கன்னத்தில் ஒரு குறுக்குக் கோடுகூட விழவில்லை. மூக்கு சரியாக அமையவில்லை, இன்று மறுபடியும் வரைகிறேன்.