பேட்டரி கையோடு வந்தது, ரிப்பன் கேபிள்தான் போய்விட்டது: வயர்லெஸ் மவுஸைப் பிரித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூன்றாம்பிறை

மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னும் மனதில் உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சார்ஜ் ஏற்றும் வகை வயர்லெஸ் மவுஸ். முழுதாக ஏற்றினாலும் அரை நாளில் விளக்கு சிவப்பாகிவிடும். புது பேட்டரி தேடும் முன், உள்ளே இருப்பதை ஒட்டியிருக்கிறார்களா, சால்டர் செய்திருக்கிறார்களா, மாற்ற முடியுமா என்று பார்த்துவிடலாம் என்று பிரித்தேன். அன்றைக்குச் சரிசெய்யும் எண்ணம்கூட இல்லை. சரிசெய்யத் தகுந்ததா என்று தெரிந்தால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன்.

அடியில் டெஃப்லான் பட்டை, அதற்குக் கீழே ஸ்க்ரூ, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான்கையும் கழற்றியும் மேல்மூடி அசையவில்லை. ஸ்டிக்கர் மேல் விரலை அழுத்தித் தடவினேன், நடுவில் ஒரு குழி தட்டுப்பட்டது. ஐந்தாவது ஸ்க்ரூ அங்கே. அதையும் எடுத்துவிட்டு, பின்பக்கம் நகத்தை விட்டு நெம்பினேன். கிளிப் ஒவ்வொன்றாக விட்டது. முன்பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்சம் அழுத்தம் கொடுத்தேன். மூடி சட்டென்று கையோடு வந்துவிட்டது, கூடவே ஒரு சத்தம். கிளிப் விடும் சத்தம் கனமாக இருக்கும். இது மெல்லியது, காய்ந்த குச்சி முறிவதுபோல.

மூடிக்கும் போர்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு ரிப்பன் கேபிள், பட்டை மாதிரி தட்டையான கம்பி. அதைப் பிடித்திருந்த கனெக்டர் போர்டிலிருந்து பெயர்ந்து கேபிள் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆறு செப்புத் தடங்களில் இரண்டு போர்டிலிருந்தே உரிந்து வந்திருந்தன.

பேட்டரியைப் பார்த்தபோது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இரண்டு கம்பி, ஒரு சின்ன பிளக், அடியில் ஒரு துண்டு டபுள் சைடு டேப். அவ்வளவுதான். இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. அதைவிட எளிதாக யாரும் வைக்க முடியாது.

இப்போது சொல்லுங்கள், இந்த மவுஸ் பழுதுபார்க்கத் தகுந்ததா இல்லையா? பேட்டரியை மட்டும் பார்த்தால் தகுந்தது. பேட்டரிக்குப் போகும் வழியைப் பார்த்தால்?

பழைய ஸ்விட்ச்

என்னுடையது ஏஏ பேட்டரி போடும் சாதாரண மவுஸ். ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை அழுத்தியதாகக் கணினி எடுத்துக்கொள்ளும் அந்த வியாதி. ஒரு ஃபைலை நகர்த்தப் போனால் அது திறந்துகொள்ளும்.

பட்டனுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சின் கறுப்பு மூடியை பிளேடு நுனியால் தூக்கினேன். தூக்கியதும் வெள்ளைக் குமிழ் ஒன்று தெறித்து விழுந்தது, அரிசியளவுகூட இருக்காது. தரையில் தவழ்ந்து தேடி எடுத்தேன். உள்ளே இருக்கும் செப்புத் தகட்டை வெளியே எடுத்து, தொடுமுனையைத் துடைத்து, அதன் வளைவை லேசாகக் கூட்டி, திரும்ப அதே கொக்கியில் மாட்ட வேண்டும். ட்வீசர் நுனியில் அந்தத் தகடு நழுவிக்கொண்டே இருந்தது. மாட்டி முடிக்க முக்கால் மணி நேரம். ஆறு வாரம் ஓடியது, அப்புறம் அதே வியாதி. இரண்டாம் முறை ஸ்விட்சையே மாற்றிவிட்டேன். போர்டைத் துளைத்து நிற்கும் மூன்று கால், பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்தால் புதிது உட்கார்ந்துவிடும். இன்றுவரை ஓடுகிறது.

அந்த ஸ்விட்சுகளுக்கு ஒரு கோடி, இரண்டு கோடி அழுத்தம் என்று ஆயுள் போட்டிருப்பார்கள். ஆனால் பேட்டரியை மிச்சம் பிடிக்க வயர்லெஸ் மவுஸில் அதன் வழியாக விடும் மின்சாரம் மிகக் குறைவு. தொடுமுனையில் படியும் ஆக்சைடு படலத்தை உடைத்துக்கொண்டு போக அது போதாமல் போகிறது. தகடு தேயும் முன்பே தொடர்பு தடுமாற ஆரம்பிக்க இது ஒரு காரணம்.

மூன்றாம்பிறை, உங்கள் மேல் தப்பே இல்லை. ரிப்பனை அவ்வளவு குட்டையாக வைப்பதே, திறக்கிறவர் கையால் அது அறுந்து போகட்டும் என்றுதான்.

சாம்பல்பூனை

பழைய ஸ்விட்ச், கடைசியில் சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. உள்ளே இடமே கிடையாது. ரிப்பனை நீளமாக விட்டால் மடிந்து ஸ்க்ரோல் சக்கரத்தில் உரசும், மூடும்போது ஸ்க்ரூ தூணுக்கு அடியில் நசுங்கும். கெட்ட எண்ணத்தோடு செய்ததை நான் பார்த்திருக்கிறேன், அது வேறு மாதிரி இருக்கும்.

மெல்லிய வயர்லெஸ் கீபோர்டு ஒன்று. ஒரு வரிசைச் சாவிகள் வேலை செய்யவில்லை. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளில் ஏதோ தடம் போயிருக்கும், தாளை மாற்றினால் சரி என்று திறந்தேன். ஸ்க்ரூ எல்லாம் ஒழுங்காகக் கழன்றது. பின்தகட்டைப் பார்த்தால் வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். மேல்சட்டத்திலிருந்து பிளாஸ்டிக் முனைகளைத் தகட்டின் துளைகள் வழியாக விட்டு, தலையைச் சூட்டில் உருக்கித் தட்டையாக்கியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், 54. ஒவ்வொன்றின் தலையையும் சீவினால்தான் தகடு வரும், சீவிவிட்டால் திரும்பப் பிடிக்க ஒன்றும் இருக்காது. பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு வரை சீவினேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். அந்தக் கீபோர்டு இன்னும் அலமாரியில் பன்னிரண்டு தலை இல்லாமல் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனது கனத்துப் போகிறது.

மூன்றாம்பிறையின் மவுஸில் பேட்டரிக்குப் பிளக் வைத்திருக்கிறார்கள். மாற்ற விடக்கூடாது என்று நினைப்பவர் அதைச் செய்ய மாட்டார். பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் தளத்தினர் 2016இல் ஆப்பிளின் வயர்லெஸ் இயர்போனான முதல் ஏர்பாட்ஸைப் பிரித்துவிட்டு பத்துக்குச் சுழியம் கொடுத்தார்கள். எதையும் அறுக்காமல் பேட்டரியைத் தொடவே முடியாது என்பதால் கிடைத்த சுழியம் அது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி சட்டத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கையில் எடுத்துச் செல்லும் அளவுள்ள பேட்டரிகளை, சில விலக்குகள் தவிர, வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்பது 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே கட்டாயம். சூடு காட்டியோ, கரைப்பான் ஊற்றியோ திறக்க வேண்டியிருந்தால் அது கணக்கில் வராது. தனிப்பட்ட கருவி வேண்டுமென்றால் பொருளோடு இலவசமாகக் கொடுக்க வேண்டும். அந்த அளவுகோலில் உங்கள் மவுஸ் தேறிவிடும் என்றே நினைக்கிறேன்.

பழைய ஸ்விட்ச்

தேறும் என்கிறீர்கள், ஆனால் அவர் மவுஸ் செத்துவிட்டதே. ஐந்தாவது ஸ்க்ரூவை ஸ்டிக்கருக்கு அடியில் வைத்ததும் இடப் பற்றாக்குறையா? "இந்தப் பக்கமாகத் திற" என்று உள்விளிம்பில் ஒரு அம்புக்குறி போட எவ்வளவு இடம் வேண்டும்?

ஈயக்கம்பி

பேட்டரி பேச்சு வந்துவிட்டது, அதனால் ஒன்று சொல்ல வேண்டும். என் மவுஸில் பேட்டரி உப்பி, இடது பட்டனைக் கீழேயிருந்து தூக்கிக்கொண்டிருந்தது. உலோகத் தகடால் நெம்பினேன். உறை கிழிந்து, நெயில் பாலிஷ் ரிமூவர்போல இனிப்புக் கலந்த வாடை வந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, மணல் நிரம்பிய தொட்டியில் போட்டேன். தீப்பிடிக்கவில்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆகவே பிரிக்கப் போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். முதலில் சார்ஜ் கால்பங்குக்குக் கீழே இறங்கும்வரை ஓட்டுங்கள். நிறைந்த பேட்டரியில் துளை விழுவதும் வற்றிய பேட்டரியில் துளை விழுவதும் ஒன்றல்ல. நெம்புவதற்கு உலோகம் கூடவே கூடாது, பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். டேப் விடவில்லை என்றால் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொபைல் ஆல்கஹாலை ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டுப் பொறுத்திருங்கள். பேட்டரியை மடக்க வேண்டாம். உப்பியிருந்தால் அதன்பிறகு ஒருமுறைகூட சார்ஜில் போட வேண்டாம், வீட்டுக் குப்பையிலும் போட வேண்டாம்.

கம்பியை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றை வெட்டி, நுனிக்கு டேப் சுற்றிய பிறகே மற்றதை வெட்டுங்கள். இரண்டையும் ஒரே கடியில் வெட்டினால் கத்தரிக்கோலே ஷார்ட் ஆக்கிவிடும். புதிது வாங்கும்போது உறையில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 502030 என்றால் 5 மில்லிமீட்டர் தடிமன், 20 அகலம், 30 நீளம். தடிமனில் அரை மில்லிமீட்டர் கூடினாலும் மூடி அழுத்தும். மூன்றாவது கம்பி இருந்தால் அது பெரும்பாலும் வெப்பம் பார்க்கும் தெர்மிஸ்டர், அது இல்லாத பேட்டரியைப் போட்டால் சில மவுஸ்கள் சார்ஜ் ஏற்ற மறுக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று. பிளக் ஒரே மாதிரி இருக்கிறது என்று அப்படியே சொருகிவிடாதீர்கள். சிவப்பு எந்தப் பக்கம் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி கிடையாது. பழைய பேட்டரி, புது பேட்டரி இரண்டையும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்து, கூட்டலும் கழித்தலும் அதே பக்கம் இருந்தால்தான் சொருக வேண்டும்.

நடுநிசி

சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரி மட்டுமா தொல்லை? ஏஏ போடும் கீபோர்டை இரண்டு வருடம் பெட்டியில் வைத்துவிட்டு எடுத்தேன். பேட்டரி கசிந்து, ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பொடி. வினிகரைப் பஞ்சில் தொட்டுத் தடவினால் நுரைத்துக்கொண்டு கரையும். ஏஏ அல்கலைன் பேட்டரியின் கசிவு காரம் என்பதால் அதற்கு அமிலம் சரி. லித்தியத்துக்கு இதைச் செய்து பார்க்க வேண்டாம். பொடி எல்லாம் போனதும் ஸ்பிரிங் பளிச்சென்று வந்தது. சந்தோஷமாகப் புது பேட்டரியைத் தள்ளினேன், ஸ்பிரிங் அடியோடு ஒடிந்து கையில் வந்துவிட்டது. உள்ளே முழுவதும் அரித்திருக்கிறது, மேலே பளபளப்பு மட்டும்.

இரண்டாம்படி

மூன்றாம்பிறை, மவுஸின் அடியில் எஃப்.சி.சி ஐடி என்று ஓர் எண் அச்சிட்டிருக்கிறதா? அமெரிக்காவில் விற்கும் வயர்லெஸ் பொருள்களுக்கு அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சியின் அனுமதி வேண்டும், விண்ணப்பத்தோடு உட்புறப் படங்களையும் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அவை பொதுவில் பார்க்கக் கிடைக்கும். நான் எதையும் திறக்கும் முன் அதைத்தான் பார்ப்பேன். ஒரு கீபோர்டின் படத்தில் பேட்டரி போர்டோடு சால்டர் செய்திருப்பது தெரிந்தது, ஸ்க்ரூடிரைவரை எடுக்காமலே முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாம்பிறை

எல்லோருக்கும் நன்றி. ஈயக்கம்பி, நீங்கள் எழுதியதை அப்படியே எழுதி மேஜைக்கு மேலே ஒட்டிவிட்டேன்.

இரண்டாம்படி, எண் இருந்தது. படங்களும் கிடைத்தன. அதில் ஒன்றில் மூடியை வலதுபக்கமாகச் சாய்த்து வைத்து எடுத்திருக்கிறார்கள். ரிப்பன் துளிகூட இழுபடாமல் வளைந்து கிடக்கிறது. நான் பின்னாலிருந்து முன்னால் தூக்கினேன். இரண்டு நிமிடம் அந்தப் படத்தை முன்பே பார்த்திருந்தால் போதும். அதைப் பார்த்த அன்று வேறு வேலை ஓடவில்லை.

அப்புறம் உரிந்த இரண்டு தடங்களையும் போர்டில் பின்தொடர்ந்தேன். பச்சைப் பூச்சை பிளேடால் சுரண்டி, செப்பு தெரிந்ததும் எனாமல் பூசிய மெல்லிய கம்பியைச் சால்டர் செய்தேன். தலைமுடி அளவு கம்பி, மூச்சுவிட்டாலே நகர்கிறது. கனெக்டரின் மீதி நான்கு கால்களையும் பழைய இடத்திலேயே உட்கார வைத்தேன். மூன்று நாள், தினமும் ஒரு மணி நேரம்.

இடது, வலது பட்டன் இரண்டும் வேலை செய்கின்றன. வேகம் மாற்றும் பட்டன் மட்டும் இல்லை. புது பேட்டரியை மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுச் சொருகினேன். கூட்டலும் கழித்தலும் சரியான பக்கத்தில்தான் இருந்தன.

பழைய ஸ்விட்ச், நீங்கள் கேட்ட அம்புக்குறியை மூடியின் உள்விளிம்பில் வெள்ளை மையால் நானே போட்டுவிட்டேன். ஸ்டிக்கரில் ஐந்தாவது ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் வட்டமாக வெட்டித் துளையும் விட்டிருக்கிறேன்.

சாம்பல்பூனை

வேகம் மாற்றும் பட்டனுக்குப் போகும் கால் கனெக்டரில் எத்தனையாவது? இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணி, முடிந்தால் போர்டின் படத்தோடு போடுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.