மெக்சிகோவில் கூடவே பாடியாக வேண்டும்

மெக்சிகோவின் பாரம்பரிய இசையான மரியாச்சியைக் கேட்ட அனுபவத்தை நாங்கள் மூவர் ஒருவர்பின் ஒருவராகச் சொல்கிறோம்.

மெக்சிகோ நகரில் நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த அம்மையார். ஒரு மார்ச் மாதம், பொழுது புலராத ஐந்து மணிக்கு என் ஜன்னலுக்கு நேர் கீழே ட்ரம்பெட் முழங்கியது. பதறி எழுந்து எட்டிப் பார்த்தேன். கால்சட்டையின் ஓரம் முழுக்க வெள்ளிப் பொத்தான்கள் மின்ன, ஏழு மரியாச்சிக் கலைஞர்கள் நின்றிருந்தார்கள். அம்மையாருக்குப் பிறந்தநாள். மகன்கள் அழைத்து வந்திருக்கிறார்கள்.

அவர்கள் பாடியது 'லாஸ் மன்யானிதாஸ்'. பிறந்தநாள்காரரை விடியலில் இந்தப் பாட்டால் எழுப்புவது அங்கே பழைய வழக்கம். எதிர்வீட்டு மாடியில் இருந்தவர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்து பாடினார்கள். தூக்கம் கெட்டதே என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அம்மையார் உடனே வெளியே வரவில்லை. முதல் பாட்டு முடிந்த பிறகுதான் அவர் அறையில் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தைக் கண்டதும் தெருவே கைதட்டியது.

அதே ஆண்டு டிசம்பர் 11 இரவு, மெக்சிகோ மக்கள் கொண்டாடும் மரியன்னையான குவாதலூப்பே அன்னையின் பெருங்கோயிலுக்குப் போனேன். மறுநாள் அன்னையின் திருநாள். நள்ளிரவு ஆனதும் அங்கே கூடியிருந்த கூட்டம் முழுவதும் பாடியதும் இதே பாட்டுதான். வீட்டுப் பாட்டிக்கும் கோயில் தாய்க்கும் ஒரே பாட்டு! அந்த உரிமை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

*

மரியாச்சி என்றதும் எனக்கு மெக்சிகோ நகரின் கரிபால்தி சதுக்கம்தான் நினைவுக்கு வருகிறது. மாலையானால் குழுக்கள் அங்கே வந்து காத்திருக்கும். ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ள வேண்டும். நானும் பேசி முடித்து, 'சியெலித்தோ லிந்தோ' பாடச் சொல்லிவிட்டு, கைபேசியை உயர்த்திப் படம் பிடிக்க ஆரம்பித்தேன். கித்தார்ரோன் வாசித்த பெரியவர் வாசிப்பை நிறுத்திவிட்டார். "உங்களுக்காகத்தானே பாடுகிறோம், நீங்கள் எங்கே?" என்று கேட்டார். கைபேசி பைக்குள் போயிற்று. 'ஆய், ஆய், ஆய், ஆய்' என்ற பல்லவியை நான் திருத்தமாகப் பாடும்வரை அவர் விடவில்லை.

அந்தக் கித்தார்ரோனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பின்புறம் தொந்தி போல் புடைத்த பெரிய வாத்தியம், ஆறு தந்திகள். ஒரே சுரத்தை மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் சேர்த்து, இரண்டு தந்திகளை ஒன்றாகச் சுண்டுகிறார்கள். குழுவில் வேறு யார் தடுமாறினாலும் அந்தக் கீழ்ச்சுரம் பிடித்து நிறுத்திவிடும். பக்கத்திலேயே ஐந்து தந்திகள் கொண்ட சிறிய விவேலா தாளத்தை அள்ளி வீசுகிறது. இந்த இசை ஹலிஸ்கோ பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தது, அந்த நாளில் தந்தி வாத்தியங்கள்தான் பிரதானம், இன்று நாம் கேட்கும் ட்ரம்பெட் வானொலிக் காலத்தில்தான் நிலைபெற்றது என்று பெரியவர் விளக்கினார். யுனெஸ்கோ 2011இல் மரியாச்சியை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. எனக்கு அந்தப் பெரியவரின் கண்டிப்புதான் பெரிய சான்றிதழ்.

*

இருவரும் மகிழ்ச்சியான நேரங்களைச் சொல்லிவிட்டீர்கள். நான் கேட்டது ஒரு அடக்கத்தில்.

குவாதலஹாராவில் உடன் வேலை பார்த்த நண்பரின் தாயார் காலமானார். கல்லறைத் தோட்டத்தில் மரியாச்சிகளைக் கண்டதும் எனக்குத் திகைப்பாக இருந்தது. அவர்கள் தொடங்கியது 'அமோர் எதெர்னோ', அதாவது 'நித்திய அன்பு'. எழுதியவர் ஹுவான் கப்ரியேல். அவருடைய கதை தெரிந்தால் பாட்டு இன்னும் கனக்கும். 1950இல் மிச்சோவாகான் மாநிலத்தில் பிறந்தவர். வீட்டு வேலை செய்து பிழைத்த தாய், வளர்க்க வழியில்லாமல் சிறுவனை ஹுவாரெஸ் நகரத்து விடுதியில் சேர்த்துவிட்டார். மகன் பேர்பெற்ற பாடகராகி, தாய்க்கு வீடு வாங்கிக் கொடுக்கும் நிலைக்கு வந்தபோது, 1974இல் அந்தத் தாய் இறந்துபோனார். 1984இல் ஸ்பெயின் பாடகி ரோசியோ துர்கால் பாடிப் பரவிய இந்தப் பாட்டை, 1990இல் மெக்சிகோவின் நுண்கலை மாளிகையில் தேசிய சிம்பொனி இசைக்குழுவுடன் ஹுவான் கப்ரியேலே பாடினார். ரோசியோவின் குரல் எனக்கு உயிர் என்றாலும், அந்த 1990 மேடையில் அவர் பாடும்போது ஒரு மகன் பேசுகிறான். 2016இல் அவர் இறந்தபோது அஸ்தியை அதே மாளிகையில்தான் வைத்தார்கள். வரிசையில் நின்றவர்களும் பாடிக்கொண்டே நின்றார்கள். மே 10, அங்கே அன்னையர் தினம். அன்று கல்லறைத் தோட்டங்களில் இந்தப் பாட்டைக் கேட்கலாம்.

நண்பர் முதல் இரண்டு அடிகளை உரக்கப் பாடினார். அகாபுல்கோ என்ற ஊர்ப்பெயர் வரும் இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டது. வயலின்காரர் வாசித்துக்கொண்டே அவர் பக்கம் நகர்ந்து வந்து நின்றார். தங்கைகளும் அழுதுகொண்டிருந்தார்கள். விட்ட அடியை எடுத்துப் பாடியவர்கள் குழியருகே நின்ற தொழிலாளிகள் இருவர். மண்வெட்டியை ஊன்றி, தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, கடைசி வரிவரை பாடினார்கள். பாட்டு முடிந்து ட்ரம்பெட் ஓய்ந்த பிறகுதான் முதல் மண்ணைத் தள்ளினார்கள்.