புதுப்பிப்பு: கடிக்கிற குட்டி, மூன்று வாரம் கழித்து

எங்கள் மூன்று மாத நாட்டு நாய்க்குட்டி கையையும் காலையும் கடித்துக் குதறுகிறான், வீடு முழுக்க மூத்திரம் போகிறான் என்று மூன்று வாரம் முன்னால் புலம்பியிருந்தேன்.

கடி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பல் பட்டதும் கையை உதறாமல் எழுந்து, அரை நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். விளையாட்டு நின்றுபோவது அவனுக்குப் பொறுக்காது. பால்பல் 28-ம் ஒவ்வொன்றாக விழுகிற பருவம், ஈறு நமநமக்கும். பழைய துண்டை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கிறேன் (பக்கத்திலேயே இருந்துகொண்டு). நேற்று சோபா அடியில் அரிசி மாதிரி ஒரு பல் கிடந்தது. அம்மா அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்!

மூத்திர விஷயத்தில் தப்பு என்னுடையது. அவன் மூக்கை மூத்திரத்தில் தேய்த்து அதட்டியதில், கட்டிலுக்கு அடியில் ஒளிந்து மூத்திரம் போகப் பழகியிருந்தான். இப்போது தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் மாமரத்தடிக்குத் தூக்கிப் போகிறேன். போய் முடித்த அடுத்த நொடியே ஒரு துண்டு வேகவைத்த கோழி. உள்ளே வந்து கொடுத்தால் எதற்கென்று அவனுக்குப் புரியாது. இந்த வாரம் வீட்டுக்குள் இரண்டே முறை, இரண்டும் நான் போனில் மூழ்கியிருந்தபோது.

செருப்பு மட்டும் இன்னும் தப்பவில்லை. அப்பா தன்னுடையதைப் பரண் மேல் வைக்கிறார்.