அர்ஜென்டினா ராணுவ ஆட்சியாளர் வழக்கு: நால்வரை விடுவித்தது சரியான தீர்ப்புதானா?

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவி)

அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி வீழ்ந்த பின், அதன் தளபதிகள் மீது நடந்த விசாரணையைப் பற்றிய ‘அர்ஜென்டினா, 1985’ திரைப்படத்தை அண்மையில் பார்த்தேன். கண்ணும் கையும் கட்டப்பட்ட நிலையில் காவல்துறைக் காரிலேயே குழந்தை பெற்றதை அத்ரியானா கால்வோ மன்றத்தில் சொல்லும் காட்சிக்குப் பிறகு, படத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதன்பின் தீர்ப்பின் விவரங்களைத் தேடிப் படித்தபோது மனம் ஆறவில்லை. குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேரில் தரைப்படைத் தளபதி விதேலாவுக்கும் கடற்படைத் தளபதி மஸேராவுக்கும் மட்டுமே ஆயுள் தண்டனை. 1976 மார்ச் 24 அன்று அவர்களோடு சேர்ந்து ஆட்சியைப் பிடித்த விமானப்படைத் தளபதி அகோஸ்திக்கு நான்கரை ஆண்டுகள்தான். நான்கு பேர் முழுமையாக விடுவிக்கப்பட்டனர். மூவரும் சேர்ந்து ஆண்டார்கள் என்றால், மூவரும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டாமா? சட்டம் தெரிந்தவர்கள் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் (ஓய்வு பெற்ற வழக்கறிஞர்)

நீங்கள் எழுப்பியிருக்கும் கேள்விதான் அந்த வழக்கின் உயிர்நாடி. அரசு வழக்கறிஞர் ஸ்ட்ராஸேராவும் அவருடைய துணை வழக்கறிஞர் மொரேனோ ஒகாம்போவும் ஏறத்தாழ இதையே வாதிட்டனர்: முப்படைத் தளபதிகளின் குழு நாட்டை ஒன்றாக ஆண்டது, ஆகவே கடத்தல், சித்திரவதை, கொலை ஆகிய அனைத்துக்கும் அக்குழுவினர் கூட்டாகவே பொறுப்பு. அதனால்தான் அகோஸ்தி உட்பட ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனை கேட்டனர்.

ஆறு நீதிபதிகள் கொண்ட மன்றம் இதை ஏற்கவில்லை. ஒவ்வொரு படையும் தன் தளபதியின் கட்டளைப்படி தனித்தனியாகவே இயங்கியது என்றும், ஒருவர் தம் படை செய்ததற்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர் என்றும் அது முடிவு செய்தது. இந்த ஒரு முடிவிலிருந்துதான் தண்டனைகளின் ஏற்றத்தாழ்வு அத்தனையும் பிறக்கிறது. விதேலா மீது 66 கொலைகளும் 306 சட்டவிரோதச் சிறைவைப்புகளும் உறுதியாயின. மஸேரா மீது 3 கொலைகளும் 69 சிறைவைப்புகளும். அகோஸ்தி மீதோ 8 சித்திரவதைகளும் 3 கொள்ளைகளும் மட்டுமே. அடுத்தடுத்து ஆண்ட தளபதிக் குழுக்களில் மூன்றாவதைச் சேர்ந்த கால்தியேரி, அனாயா, லாமி டோஸோ ஆகியோர் (விடுவிக்கப்பட்ட நால்வரில் மூவர்) பதவிக்கு வந்த 1981 வாக்கில் கடத்தல்கள் பெருமளவு ஓய்ந்திருந்தன.

அதே மன்றம் சட்டத்தை முன்னோக்கி நகர்த்திய இடமும் உண்டு. விதேலா தம் கையால் யாரையும் சுடவில்லை. உத்தரவை நிறைவேற்றும் ஆள் மாறினாலும் வேலை தடையின்றி நடக்கும்படி அமைந்த ஓர் அதிகார இயந்திரத்தை மேலிருந்து இயக்குபவர், வெறும் தூண்டியவர் அல்லர், குற்றவாளியேதான் என்ற ஜெர்மானியச் சட்ட அறிஞர் கிளாஸ் ராக்ஸினின் கோட்பாட்டை நீதிபதிகள் கையிலெடுத்தனர். 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தக் காரணத்தை மாற்றி, குற்றத்துக்கு இன்றியமையாத உடந்தை என்று வகைப்படுத்தியது. ஆனாலும் பிற்காலத்தில் பல நாடுகளின் வழக்குகளில் எடுத்தாளப்பட்டது, முதலில் இவர்கள் எழுதியதுதான்.

என்னைக் கேட்டால், விடுதலைகள் கசப்பானவை. ஆயினும் அவை தவறானவை அல்ல. ஒன்பது பேருக்கும் ஒரே தண்டனை என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தால், 833 சாட்சிகளை அழைத்து விசாரிக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

பதில் (வரலாற்று ஆசிரியை)

மதிப்பிற்குரிய ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன். முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. ‘உறுதியானவை’ என்ற சொல்லை இங்கே சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனுடனான மால்வினாஸ் (ஃபாக்லாந்து) தீவுப் போரில் தோற்று ஆட்சியை விட்டு இறங்கும் முன், 1983இல், கடைசி ராணுவ அதிபர் பிக்னோனே தமக்கும் தம்மவர்க்கும் பொதுமன்னிப்புச் சட்டம் இயற்றியதோடு ஆவணங்களை அழிக்கவும் ஆணையிட்டார். எழுத்தாளர் எர்னஸ்தோ சபாத்தோ தலைமையிலான விசாரணை ஆணையம், காணாமல் ஆக்கப்பட்ட 8,961 பேரையும் 340 அளவிலான ரகசியத் தடுப்பு முகாம்களையும் பதிவு செய்தது. ஆனால் விசாரணைக்கு அரசுத் தரப்பு தேர்ந்தெடுத்தவை 709 வழக்குகள்தான். தாளை எரித்துவிட்ட ஓர் ஆட்சியின் குற்றங்களை, தப்பிப் பிழைத்தவர்களின் வாய்மொழியைக் கொண்டுதான் நிறுவ வேண்டியிருந்தது. எந்த முகாமில் உயிர் பிழைத்தவர்கள் குறைவோ, அந்த முகாமின் தளபதிக்குச் சாட்சியமும் குறைவு. சந்தேகத்தின் பலன் இங்கே யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நீதிபதிகளின் நேர்மையை நான் குறை கூறவில்லை. ராணுவம் கலைந்துபோகாத, துப்பாக்கிகள் அதே கைகளில் இருந்த ஒரு நாட்டில் அவர்கள் தீர்ப்பெழுதினார்கள். தினமும் மூன்று நிமிடக் காட்சியை, அதுவும் ஒலியின்றியே தொலைக்காட்சியில் காட்ட அனுமதித்த அளவுக்கு அரசு அஞ்சியது. ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராடிய ‘மே சதுக்கத்து அன்னையர்’ அமைப்பில் ஒருவரான எபே தெ போனாஃபினியைத் தலையிலிருந்த வெள்ளை முக்காட்டை எடுக்கும்படி மன்றம் சொன்னதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் பொங்குகிறது. அது அரசியல் சின்னம் அன்று. மகனைத் தேடும் தாயின் அடையாளம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. விடுவிக்கப்பட்ட நால்வரின் கதை அத்துடன் முடிந்துவிட்டதா? தண்டனை பெற்றவர்களாவது அதை முழுமையாக அனுபவித்தார்களா?

பதில் (ஓய்வு பெற்ற வழக்கறிஞர்)

இல்லை அம்மா. 1986, 1987 ஆண்டுகளில் வந்த இரண்டு சட்டங்கள் கீழ்நிலை அதிகாரிகள் மீதான வழக்குகளை நிறுத்தின. 1990 டிசம்பரில் அதிபர் மெனெம் விதேலாவையும் மஸேராவையும் மன்னித்து வெளியே விட்டார். ஆனால் கைதிகளின் குழந்தைகளைத் திருடிய குற்றத்தை அந்த இரு சட்டங்களும் தொடவில்லை. அந்தச் சிறு சந்து வழியாகத்தான் 1998இல் விதேலா மீண்டும் கைதானார். 2005இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டங்கள் செல்லாது என்று அறிவித்தது. 2012இல் குழந்தைத் திருட்டுக்காக அவருக்கு 50 ஆண்டுகள் விதிக்கப்பட்டன. மறு ஆண்டு மே மாதம் சிறையிலேயே இறந்தார்.

நால்வரைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்றாவது குழுவினர் மூவரையும், மால்வினாஸ் போரை நடத்திய விதத்துக்காக, 1986இல் ராணுவ நீதிமன்றமே தண்டித்தது. நான்காமவர் விமானப்படையின் கிராஃபிக்னா. 1978இல் விமானப்படையினர் கடத்திய ஒரு தம்பதியின் வழக்கில் (கடத்தப்பட்டபோது அப்பெண் எட்டு மாதக் கர்ப்பிணி) 2016இல் அவருக்கு 25 ஆண்டுகள் சிறைத் தண்டனை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 90. அந்தக் கர்ப்பத்தில் இருந்த மகனை, திருடப்பட்ட பேரக்குழந்தைகளைத் தேடும் ‘மே சதுக்கத்துப் பாட்டிமார்’ அமைப்பினர் தேடிக் கண்டுபிடித்திருந்தார்கள்.

ஆசிரியை அவர்கள் சொன்ன சாட்சியக் குறைவை நான் மறுக்கவில்லை.